கல்லூரிக் கால்பந்து அணிக்கு உள்ளரங்கப் பயிற்சிக்கூடம்: திட்டமிடுவதும் பணம் திரட்டுவதும் – முழுமையான வழிகாட்டி

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நெறிப்படுத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மின்னல் பாதுகாப்பு வழிகாட்டுதலின்படி, மின்னல் வெட்டுக்கும் இடியோசைக்கும் இடையிலான நேரம் 30 நொடியாகக் குறைவதற்குள், அதாவது மின்னல் ஏறத்தாழ ஆறு மைல் தொலைவை எட்டுவதற்குள், திடலில் இருக்கும் அனைவரும் பாதுகாப்பான கட்டடத்துக்குள் சென்றிருக்க வேண்டும். கடைசி இடியோசைக்குப் பின் 30 நிமிடம் கழிந்த பிறகே திடலுக்குத் திரும்பலாம். இடையில் மீண்டும் ஒரு முறை இடித்தால் அந்த 30 நிமிடமும் முதலிலிருந்து தொடங்கும். ஃபுளோரிடா, ஜார்ஜியா, லூசியானா போன்ற தென்மாநிலங்களில் ஆகஸ்ட் மாதப் பிற்பகல்களில் இடிமழை அன்றாட நிகழ்ச்சி. பருவம் தொடங்கும் முன் அணி தயாராகும் முகாம் நடப்பதும் அதே மாதத்தில்தான். வடமாநிலங்களில் நவம்பர் முதல் மார்ச் வரை பனியும் உறைந்த தரையும் அதே வேலையைச் செய்கின்றன. முட்டை வடிவப் பந்தைக் கையால் வீசியும் காலால் உதைத்தும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து அணிகள் கூரையின் கீழ் முழுத் திடல் ஒன்றைக் கட்டிக்கொள்வதற்கு அடிப்படைக் காரணம் இதுதான்.

ஆனால் காரணம் அதோடு முடிவதில்லை. மியாமி பல்கலைக்கழகம் 2018இல் திறந்த பயிற்சிக்கூடத்துக்கு 3.4 கோடி டாலர் செலவானது. அதே ஆண்டில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் மிச்சிகன் ஏரிக்கரையில் திறந்த வளாகத்துக்கு 27 கோடி டாலர் செலவானது. மழையையும் மின்னலையும் இரண்டும் ஒரே மாதிரிதான் தடுக்கின்றன. மீதியுள்ள வேறுபாடு உடற்பயிற்சிக்கூடம், உணவகம், மருத்துவ அறைகள், கண்ணாடிச் சுவர், உயர்நிலைப் பள்ளி வீரர்களைத் தம் அணியில் சேரும்படி கவரும் தோற்றம் ஆகியவற்றுக்கானது. அவற்றை வாங்குவது தவறன்று. எதற்காகப் பணம் கொடுக்கிறோம் என்பதை அறியாமல் வாங்குவதுதான் தவறு. இந்த வழிகாட்டி ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை, வசதித் துறை, நிதி அலுவலகம் ஆகிய மூன்றும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவுகளை, எடுக்க வேண்டிய வரிசையில் பேசுகிறது.

முதல் படி: தேவையை மணிக்கணக்கில் எழுதுதல்

கட்டடக்கலைஞரை அழைப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. செலவில்லாதது, ஆனால் பெரும்பாலும் தவிர்க்கப்படுவது. கடந்த சில ஆண்டுகளின் பயிற்சிப் பதிவேடுகளை எடுத்து, மின்னலாலும் வெப்பத்தாலும் பனியாலும் நிறுத்தப்பட்ட அல்லது இடம் மாற்றப்பட்ட பயிற்சிகள் எத்தனை, ஒவ்வொன்றிலும் இழந்த நேரம் எவ்வளவு என்று பட்டியலிட வேண்டும். என்.சி.ஏ.ஏ. விதிப்படி பருவகாலத்தில் ஒரு வீரரின் கட்டாய விளையாட்டு நடவடிக்கைகள் வாரத்துக்கு 20 மணி நேரத்தையும் நாளுக்கு 4 மணி நேரத்தையும் தாண்டக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு தரவும் வேண்டும். இந்த வரம்பு இருப்பதால்தான் இழந்த ஒரு மணி நேரத்துக்கு இத்தனை மதிப்பு. ஆனால் அதே வரம்பு மற்றொன்றையும் சொல்கிறது: கால்பந்து அணி மட்டுமே பயன்படுத்தினால் அந்தக் கட்டடம் ஆண்டின் பெரும்பகுதி நேரம் காலியாகவே கிடக்கும்.

எனவே அடுத்த கேள்வி, வேறு யார் பயன்படுத்துவார்கள் என்பது. சாக்கர் (நாம் கால்பந்து என்று சொல்வது), லக்ராஸ், சாஃப்ட்பால், பேஸ்பால் அணிகள், அணிவகுப்பு இசைக்குழு, மாணவர்களின் பொழுதுபோக்கு விளையாட்டுகள் ஆகிய ஒவ்வொன்றும் எந்த மாதத்தில், எந்த மணியில் வரும் என்று எழுதிப் பார்க்க வேண்டும். இந்த அட்டவணை பிற்பாடு மூன்று இடங்களில் உதவும்: ஆட்சிக்குழுவின் ஒப்புதலுக்கு, நன்கொடையாளரிடம் பேசுவதற்கு, பாலினச் சமத்துவச் சட்டத்துக்குப் பதில் சொல்வதற்கு. வீரர்களைக் கவருவதே முதன்மை நோக்கம் என்றால் அதையும் வெளிப்படையாக எழுதிவிடலாம். மறைத்து எழுதப்பட்ட நோக்கம் வடிவமைப்பு நடுவில் கண்ணாடிச் சுவராக வெளிப்பட்டு, மதிப்பீட்டைக் குலைக்கும்.

இரண்டாம் படி: எந்த வகைக் கட்டடம்

மூன்று வழிகள் உண்டு. காற்றழுத்தத்தால் நிற்கும் துணிக் குமிழி எல்லாவற்றிலும் மலிவானது, விரைவில் எழுப்பக்கூடியது. ஆனால் அதன் ஊதுவிசிறிகள் இடைவிடாமல் இயங்க வேண்டும், துணியைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், கடும்பனியைத் தொடர்ந்து அகற்ற வேண்டும். 2010 டிசம்பர் 12 அன்று மினியாபொலிஸ் நகரின் மெட்ரோடோம் அரங்கில் பனியின் எடை தாங்காமல் காற்றழுத்தக் கூரை கிழிந்து உள்ளே சரிந்தது. அது பயிற்சிக்கூடம் அன்று, முழு அரங்கம், என்றாலும் பாடம் அதேதான்.

இரண்டாவது வகை, எஃகுச் சட்டத்தின் மேல் துணி போர்த்திய கட்டடம். இதைத் தேர்ந்தெடுக்க நினைப்பவர்கள் 2009 மே 2 அன்று டெக்சஸ் மாநிலத்தின் இர்விங் நகரில் டாலஸ் கௌபாய்ஸ் என்ற தொழில்முறை அணியின் பயிற்சிக்கூடம் இடிந்த நிகழ்வை அறிந்திருக்க வேண்டும். இடிமழையின் காற்றில் கட்டடம் முழுவதுமாகச் சரிந்து, 12 பேர் காயமடைந்தனர். ஓர் ஊழியர் நிரந்தரமாக நடக்கும் ஆற்றலை இழந்தார். அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் ஆராய்ந்தபோது, இடிந்த நேரத்தில் வீசிய காற்றின் வேகம் மணிக்கு 55 முதல் 65 மைல் வரைதான் என்றும், அது வடிவமைப்புக்குரிய 90 மைல் வேகத்தைவிட மிகக் குறைவு என்றும் கண்டறிந்தது. கட்டடத்தின் உள்ளே காற்று புகுந்து உண்டாக்கும் அழுத்தம் போதிய அளவு கணக்கிடப்படவில்லை. சட்டங்களைப் பக்கவாட்டில் தாங்கும் வேலையைத் துணி செய்யும் என்று கொள்ளப்பட்டிருந்தது. ஆகவே இவ்வகைக் கட்டடத்தை வாங்கும் பல்கலைக்கழகம், விற்பவரின் பொறியாளர் தரும் கணக்கை அப்படியே ஏற்காமல், தொடர்பில்லாத வேறொரு கட்டமைப்புப் பொறியாளரைத் தன் செலவில் அமர்த்தி, காற்று, பனி ஆகிய இரண்டின் சுமைக் கணக்குகளையும் மறுபடி போடச் சொல்ல வேண்டும். மொத்தச் செலவில் இதற்கான கட்டணம் மிகச் சிறியது.

மூன்றாவது வகை, தூணில்லாத நீண்ட எஃகு ட்ரஸ்களும் (கூரையைத் தாங்கும் சட்டகங்கள்) உலோகச் சுவர்களும் கொண்ட நிலையான கட்டடம். பெரிய கல்லூரிகள் இன்று கட்டுவது பெரும்பாலும் இதையே. எந்த வகையானாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மின்னலுக்குப் பாதுகாப்பான இடம் என்று வழிகாட்டுதல்கள் ஏற்பது, குழாய்களும் மின்கம்பிகளும் பதிக்கப்பட்டு நிலத்தோடு இணைந்த, நாற்புறமும் மூடிய உறுதியான கட்டடத்தையே. செலவைக் குறைப்பதற்காகப் பக்கச்சுவர் இல்லாமல் வெறும் கூரை மட்டும் போட்டால் வெயிலும் மழையும் நிற்கும். மின்னலுக்காக அணி அங்கிருந்தும் வெளியேற வேண்டியிருக்கும்.

மூன்றாம் படி: நீளம், அகலம், உயரம்

அமெரிக்கக் கால்பந்துத் திடல், இரு முனைகளிலும் உள்ள பத்துப் பத்து கஜ எண்ட் சோன்களையும் (புள்ளி எடுக்கும் பகுதிகள்) சேர்த்து, 360 அடி நீளமும் 160 அடி அகலமும் கொண்டது. ஓடிவரும் வேகத்தில் வீரர் எல்லைக்கோட்டைத் தாண்டிச் சென்று நிற்பதற்கு இடம் வேண்டும். முனைகளில் இருபது இருபது அடியும், பக்கங்களில் இருபத்தைந்து அடியும் விட்டால் தரை 400 அடிக்கு 210 அடி, அதாவது 84,000 சதுர அடி ஆகிறது. பக்கவாட்டு இடத்தை அதிகம் விடுவதற்குக் காரணம், பயிற்சியின்போது முறைக்காகக் காத்திருக்கும் வீரர்கள் அங்கே நிற்பதுதான். நூறு பேருக்கு மேற்பட்ட அணியில் இது சிறிய கூட்டம் அன்று. சுவர்களுக்கும் கதவோரங்களுக்கும் ஆள் உயரத்துக்கு மேல் வரை மெத்தைப் பூச்சு அவசியம்.

நீளத்தைச் சுருக்கிப் பணம் மிச்சப்படுத்தும் எண்ணம் ஒவ்வொரு திட்டத்திலும் வரும். விஸ்கான்சின் பல்கலைக்கழகம் 1988இல் கட்டிய மெக்லெய்ன் மையத்தில் இருந்தது 90 கஜத் திடல்தான். பல பத்தாண்டுகள் அது பயன்பட்டது என்பது உண்மை. ஆனால் பிற்பாடு முழு அளவுக் கூடம் கட்டும் திட்டத்தை அப்பல்கலைக்கழகம் கையிலெடுக்க வேண்டியிருந்தது. நிதி உண்மையாகவே குறைவு என்றால், நீளத்தில் கைவைப்பதைவிட உடைமாற்றும் அறைகளையும் அலுவலகங்களையும் விட்டுவிட்டு, முழுத் திடலை வெற்றுக் கூடமாகக் கட்டுவதே என் பார்வையில் சரி. அறைகளைப் பிறகு ஒட்டிக் கட்டலாம். கூரையைப் பிறகு நீட்டுவது ஏறக்குறைய முடியாத காரியம்.

உயரத்தைப் பற்றித்தான் வாக்குவாதம் அதிகம் நடக்கும். அதற்குப் பள்ளி இயற்பியலே போதும். காற்றின் தடையை விட்டுவிட்டால், மேலே எறியப்பட்ட பந்து எட்டும் உயரம் அது காற்றில் இருக்கும் நேரத்தின் இருமடியைப் பொறுத்தது. 3 நொடி காற்றில் இருக்கும் நீண்ட வீச்சு ஏறத்தாழ 36 அடி உயரும். பண்ட் எனப்படும் நீள்உதை 4 நொடி காற்றில் இருந்தால் சுமார் 64 அடி. நல்ல உதைக்காரர்கள் எட்டும் 4.5 நொடி என்றால் 81 அடி. 5 நொடி என்றால் 100 அடி. இந்தக் கணக்கைப் பயிற்றுநரின் முன் வைத்தால் விவாதம் சுருங்கும். மையத்தில் 65 அடி தடையற்ற உயரம் இருந்தால் வீச்சு, ஓட்டம், கோல் உதை ஆகிய அனைத்தும் நடக்கும். மிக உயரமான பண்ட்கள் மட்டும் கூரையைத் தொடும். அவற்றுக்காக மேலும் இருபது அடி உயர்த்துவதா, பண்ட் பயிற்சியை வெளித்திடலில் வைத்துக்கொள்வதா என்பது முடிவெடுக்க வேண்டிய கேள்வி. பெரும்பாலான அணிகளுக்கு இரண்டாவதே போதும். உயரம் கூடினால் எஃகு மட்டும் கூடுவதில்லை. காற்று மோதும் சுவர்ப்பரப்பும், குளிரூட்ட வேண்டிய காற்றின் கனஅளவும் கூடுகின்றன. உயரத்தைக் குறிக்கும்போது ட்ரஸ்ஸின் அடிமட்டம், அதில் தொங்கும் விளக்குகள், குழாய்கள், ஒலிபெருக்கிகள் ஆகியவற்றுக்குக் கீழே எஞ்சும் உயரத்தையே ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். கூரை முகட்டின் உயரம் பந்துக்குப் பயன்படாது.

படப்பிடிப்பு மேடைகளை வடிவமைப்பிலேயே சேர்க்க வேண்டும். ஒவ்வொரு பயிற்சியும் பக்கவாட்டிலிருந்தும் முனையிலிருந்தும் உயரத்தில் நின்று படம்பிடிக்கப்படுகிறது. 2010 அக்டோபரில் நோட்ர டேம் பல்கலைக்கழகத்தின் வெளித்திடல் பயிற்சியைப் படம்பிடித்துக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், பலத்த காற்றில் உயர்த்தி மேடை கவிழ்ந்து உயிரிழந்தார். உள்ளே கட்டடத்தோடு பிணைந்த நடைமேடைகளையோ தொலைவிலிருந்து இயக்கும் கேமராக்களையோ பொருத்துவது, பின்னர் சேர்ப்பதைவிட மிக மலிவு.

நான்காம் படி: இடம்

உடைமாற்றும் அறையிலிருந்து சில நிமிட நடையில் எட்டக்கூடிய இடமே கட்டடத்தின் பயனைத் தீர்மானிக்கிறது. இடி கேட்டதும் அணி முழுவதும் பேருந்தில் ஏற வேண்டியிருந்தால் கட்டியதன் நோக்கமே பாதி போய்விடும். ஆனால் உடைமாற்றும் அறைக்கு அருகில் காலியாக இருக்கும் நிலம் பெரும்பாலும் இப்போதைய வெளிப் பயிற்சித் திடலே. அதில் கட்டினால் ஒரு திடல் போகும். கட்டும் காலத்தில் அணி எங்கே பயிற்சி செய்யும் என்ற தற்காலிக ஏற்பாட்டுக்கும் தனிச் செலவு ஆகும். இதை மதிப்பீட்டில் சேர்க்க மறக்கிறவர்கள் பலர்.

வேறு நிலத்தைத் தேடும்போது எழும் சிக்கலுக்கு வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் நல்ல எடுத்துக்காட்டு. அரங்கத்தை ஒட்டி, முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வெள்ளை ஓக் மரங்கள் நிற்கும் ஸ்டேடியம் வுட்ஸ் என்ற பழங்காட்டின் ஒரு பகுதியை வெட்டி அங்கே கூடத்தைக் கட்டும் எண்ணம் 2011 வாக்கில் வெளியானபோது, பேராசிரியர்களும் மாணவர்களும் ஊராரும் எதிர்த்தனர். பல்கலைக்கழகம் ஒரு குழுவை அமைத்தது. அக்குழுவின் ஆய்வுக்குப் பின் காட்டை விட்டுவிட்டு, இருந்த பயிற்சித் திடல் பகுதியிலேயே கட்டுவது என்று முடிவானது. 2.13 கோடி டாலர் செலவில் 2015இல் கூடம் திறக்கப்பட்டது. எதிர்ப்பு நியாயமானதாக இருந்தது என்பதோடு, இடத்தை அறிவிப்பதற்கு முன்பே மரம், மழைநீர் வடிகால், அக்கம்பக்கம் ஆகியவற்றை அறிந்தவர்களைக் கேட்டிருந்தால் அந்தக் காலம் மிச்சமாகியிருக்கும். மழைநீரைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும்: இரண்டு ஏக்கருக்கு நெருக்கமான கூரையிலிருந்து ஒரே நேரத்தில் வழியும் நீரைத் தேக்கி விடுவதற்கான நிலத்தடித் தொட்டியோ குளமோ பல ஊர்களில் சட்டத் தேவை, அதற்கான இடமும் வரைபடத்தில் வேண்டும்.

ஐந்தாம் படி: மொத்தச் செலவு

ஒப்பந்ததாரர் சொல்லும் தொகை திட்டத்தின் செலவு அன்று. வடிவமைப்பு, மண் ஆய்வு, அனுமதிகள், பரிசோதனைகள், பயிற்சிக் கருவிகள், ஒளி-ஒலி அமைப்புகள், பல்கலைக்கழகத்தின் நிர்வாகக் கட்டணம், எதிர்பாராச் செலவுக்கான ஒதுக்கீடு ஆகியவை அதன் மேல் வரும். இனி வரும் கணக்குக்காக ஒரு கற்பனைத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம்: கட்டுமானம் 1.9 கோடி டாலர், மேற்சொன்ன இதரச் செலவுகள் 35 இலட்சம், எதிர்பாராச் செலவு ஒதுக்கீடு 25 இலட்சம், மொத்தம் 2.5 கோடி டாலர்.

குளிரூட்டல்தான் இந்தத் தொகையை அதிகம் ஆட்டிவைக்கும் ஒற்றை முடிவு. 84,000 சதுர அடித் தரையும் சராசரியாக 55 அடி உயரமும் கொண்ட கூடத்தின் உள்ளே ஏறத்தாழ 46 இலட்சம் கன அடி காற்று இருக்கிறது. முழுக் குளிரூட்டல், பெரிய சுழல்விசிறிகளும் திறக்கும் கதவுகளும் மட்டும், வடக்கில் என்றால் வெறும் வெப்பமூட்டல் என்று மூன்று நிலைகளுக்கும் தனித்தனி விலையும் ஆண்டு மின்கட்டணமும் கேட்டுப் பெற வேண்டும். தென்மாநிலத்தின் ஈரவெப்பத்தில் குளிரூட்டாத மூடிய கூடம் ஆகஸ்டில் வீரர்களுக்கே ஆபத்தாகலாம் என்பதால், அங்கே இதை ஆடம்பரமாகக் கருத முடியாது. மாறாக, வெப்பமானி காட்டும் அளவோடு ஈரப்பதம், வெயில், காற்று ஆகியவற்றையும் சேர்த்து அளக்கும் ஈரக்குமிழ் குறியீட்டை வைத்து அணியின் மருத்துவக் குழு தரும் கருத்தே இங்கு முடிவான சொல்லாக இருக்க வேண்டும்.

ஆறாம் படி: பணம்

பல மாநிலங்களில் அரசின் கல்விநிதியை விளையாட்டுக் கட்டடங்களுக்குச் செலவிட முடியாது. எனவே பணம் நான்கு வழிகளில் வரும்: நன்கொடை, விளையாட்டுத் துறையின் சேமிப்பு, கடன், மாணவர் கட்டணம். கடைசி வழியைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. கூடத்துக்குள் ஒருநாளும் கால்வைக்காத மாணவர்களின் தலையில் கட்டணம் ஏற்றுவது நியாயமாகாது. பொழுதுபோக்கு விளையாட்டுகளுக்கு எழுத்துமூலம் நேரம் ஒதுக்கினால் மட்டுமே அதைப் பேசலாம்.

நன்கொடை ஒருவரிலிருந்து தொடங்குகிறது. மியாமியில் சோஃபர் குடும்பம் 1.4 கோடி டாலர் தந்து கூடத்துக்குப் பெயர் சூட்டியது. அப்போதைய தலைமைப் பயிற்றுநர் மார்க் ரிக்ட்டும் தன் கையிலிருந்து 10 இலட்சம் டாலர் கொடுத்தார். ஜார்ஜியா பல்கலைக்கழகம் 2017இல் திறந்த 3 கோடியே 2 இலட்சம் டாலர் கூடம், அதன் முன்னாள் வீரர் பில்லி பெய்னின் பெயரையும் அவர் தந்தையின் பெயரையும் தாங்குகிறது. நண்பர்கள் சேர்ந்து 1 கோடி டாலருக்கு மேல் அவர்கள் பெயரால் அளித்தனர். இரண்டிலும் ஒரு பொதுத் தன்மை உண்டு: பெயருக்குரிய கொடை மொத்தச் செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகவோ அதற்கு மேலாகவோ இருந்தது. இதைவிட மிகக் குறைவான தொகைக்குப் பெயரை விற்றுவிட்டால், அடுத்து வரும் பெரிய கொடையாளருக்குக் கொடுக்க ஒன்றும் இருக்காது. பயிற்றுநரின் கொடை தொகையில் சிறியதாயினும், மற்றவர்களிடம் கேட்கும் வாய்க்கு அது வலிமை தரும்.

நன்கொடை உறுதிமொழியும் கையில் வந்த பணமும் ஒன்றல்ல. மேற்சொன்ன 2.5 கோடித் திட்டத்தில் முதன்மைக் கொடையாளர் 80 இலட்சமும் மற்றவர்கள் 60 இலட்சமும் ஐந்தாண்டுத் தவணையில் தருவதாக உறுதியளித்திருக்கிறார்கள், சேமிப்பு 20 இலட்சம், மீதி 90 இலட்சம் கடன் என்று வைத்துக்கொள்வோம். உறுதிமொழித் தொகை 1.4 கோடி, ஆண்டுக்கு 28 இலட்சமே வரும். கட்டடமோ இரண்டாண்டுக்குள் முடிந்துவிடும். அதற்குள் வந்திருப்பது 56 இலட்சம். 84 இலட்சத்துக்கு இடைக்காலக் கடன் வாங்கித்தான் ஒப்பந்ததாரருக்குக் கொடுக்க வேண்டும். 5 விழுக்காடு வட்டியில், ஆண்டிறுதிதோறும் 28 இலட்சத்தைத் திருப்பிச் செலுத்தினால், கட்டி முடித்த பின் வரும் மூன்றாண்டுகளுக்கு மட்டும் வட்டி 8 இலட்சத்து 40 ஆயிரம் டாலர். இதை எந்தத் தலைப்பிலும் சேர்க்காத மதிப்பீடுகளே அதிகம். உறுதியளித்தவர்களில் பத்தில் ஒரு பங்குத் தொகை வராமல் போனால் மேலும் 14 இலட்சம் ஓட்டை விழும். ஆகவே உறுதிமொழிகள் எழுத்தில், கையொப்பத்தோடு, கொடையாளர் இறந்தாலும் அவர் சொத்தைக் கட்டுப்படுத்தும் வகையில் இருக்க வேண்டும். எஃகுக்கு ஆணை கொடுப்பதற்கு முன் இத்தனை விழுக்காடு பணம் கையில் இருக்க வேண்டும் என்று ஆட்சிக்குழு தீர்மானமே போட்டுவிடுவது நல்லது.

90 இலட்சம் நிரந்தரக் கடனை 20 ஆண்டில் 5 விழுக்காட்டில் அடைத்தால் ஆண்டுத் தவணை ஏறத்தாழ 7 இலட்சத்து 22 ஆயிரம் டாலர். இதை எந்த வருமானம் கட்டும் என்று பெயர் சொல்லி எழுத வேண்டும். 'டிக்கெட் விற்பனை உயரும்' என்பது பதிலாகாது. பயிற்சிக்கூடத்தைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்குவதில்லை. 2019ஆம் ஆண்டுக் கணக்கின்படி என்.சி.ஏ.ஏ.யில் உள்ள ஏறத்தாழ 1,100 கல்லூரிகளில் 25 மட்டுமே விளையாட்டில் செலவைவிட அதிகம் வருமானம் ஈட்டின. மற்ற அனைத்திலும் இந்தத் தவணை இறுதியில் பல்கலைக்கழகத்தின் பொது நிதியிலிருந்தே வர நேரிடும்.

இரண்டு மாற்றங்கள் பழைய கணக்குகளைச் செல்லாதவையாக்கிவிட்டன. அரங்கில் இருக்கைக்கான டிக்கெட் வாங்கும் உரிமையோடு பிணைந்த நன்கொடைகளில் 80 விழுக்காட்டுக்கு இருந்த வரிச்சலுகையை 2017ஆம் ஆண்டு வரிச்சட்டம் நீக்கிவிட்டது. அடுத்து, 2025 ஜூன் 6 அன்று ஒப்புதல் பெற்ற, கல்லூரி வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்தின்படி, கல்லூரிகள் 2025-26ஆம் ஆண்டில் தம் வீரர்களுக்கு நேரடியாக ஏறத்தாழ 2.05 கோடி டாலர் வரை வழங்கலாம். ஒரு சராசரிப் பயிற்சிக்கூடத்தின் விலைக்கு நிகரான தொகை இது, அதுவும் ஆண்டுதோறும். முன்பு வீரர்களுக்குப் பணம் கொடுக்க முடியாததால் கட்டடங்களாகக் கொடுத்தார்கள்; இப்போது நேரடியாகவே கொடுக்கலாம் என்னும்போது, கவர்ச்சிக்காக மட்டும் கட்டும் பகுதிகளுக்கு இருந்த நியாயம் பெரிதும் மெலிந்துவிட்டது. மின்னலுக்கும் வெப்பத்துக்கும் எதிரான நியாயம் அப்படியே இருக்கிறது.

ஏழாம் படி: சட்டம்

1972ஆம் ஆண்டின் ஒன்பதாம் தலைப்புச் சட்டம், அரசு நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடைசெய்கிறது. பயிற்சி வசதிகளும் உடைமாற்றும் அறைகளும் அதில் ஒப்பிட்டுப் பார்க்கப்படும் கூறுகள். கொடையாளர் ஆண்கள் அணிக்கென்றே கொடுத்தார் என்று சொல்லித் தப்ப முடியாது. பணம் எங்கிருந்து வந்தாலும் கிடைக்கும் பயனுக்கு நிறுவனமே பொறுப்பு. முதல் படியில் தயாரித்த அட்டவணையில் பெண்கள் அணிகளுக்கு நள்ளிரவு நேரம் மட்டும் எஞ்சியிருந்தால் அது சமத்துவம் ஆகாது.

வரிவிலக்குள்ள கடன்பத்திரங்களின் மூலம் கடன் வாங்கினால் இன்னொரு வரம்பு உண்டு. அரசுப் பல்கலைக்கழகங்களின் பத்திரங்களில் தனியார் வணிகப் பயன்பாட்டுக்குப் பொதுவாக 10 விழுக்காடு, தனியார் இலாபநோக்கற்ற பல்கலைக்கழகங்களுக்கு 5 விழுக்காடு வரையே இடமுண்டு. வணிக நிறுவனத்துக்குப் பெயருரிமை விற்பது, தனியார் பயிற்சி முகாம்களுக்கு நீண்டகால வாடகைக்கு விடுவது ஆகியவை இக்கணக்கில் வரக்கூடும். அப்படிப்பட்ட ஒப்பந்தம் எதிலும் கையெழுத்திடுவதற்கு முன், பத்திரச் சட்ட வழக்கறிஞர் அதைப் படித்திருக்க வேண்டும்.

எட்டாம் படி: ஒப்பந்தமும் காலமும்

வடிவமைப்பை முடித்துவிட்டு ஏலம் விடுவது, வடிவமைப்பையும் கட்டுமானத்தையும் ஒரே நிறுவனத்திடம் ஒப்படைப்பது, கட்டுமான மேலாளரைத் தொடக்கத்திலேயே அமர்த்தி உச்சவரம்பு விலைக்கு உத்தரவாதம் பெறுவது ஆகிய மூன்று முறைகளில், இவ்வகைக் கூடத்துக்குக் கடைசியே பெரும்பாலும் பொருந்தும். எஃகின் விலையும் வந்துசேரும் காலமும்தான் இங்கே பெரிய இடர். கட்டுமான மேலாளர் முன்பே இருந்தால் வரைபடம் முழுமையடையும் முன்னரே எஃகுக்கு இடம்பிடிக்க முடியும். பருவம் முடியும் டிசம்பரில் மண்வேலை தொடங்கி, இடையில் ஒரு பருவத்தை மட்டும் இடைஞ்சலோடு கடந்து, அதற்கடுத்த ஆகஸ்ட் முகாமுக்கு முன் முடிக்கும்படி அட்டவணை போடலாம். பின்னோக்கி எண்ணினால், ஆட்சிக்குழுவின் இறுதி ஒப்புதல் முந்தைய கோடையிலேயே கிடைத்திருக்க வேண்டும்.

ஒன்பதாம் படி: திறந்த பிறகு

செயற்கைப் புல்தரை ஏறத்தாழ பத்தாண்டு உழைக்கும். உள்ளரங்கில் வெயில் படாததால் இழைகள் சற்று நீடிக்கும்; ஆனால் மழை கழுவாததால் வியர்வையும் அழுக்கும் தங்கி, தொற்றுநீக்கத்தை முறையாகச் செய்ய வேண்டியிருக்கும். மாற்றுவதற்கு 8 இலட்சம் டாலர் ஆகும் என்று கொண்டால், முதலாண்டு முதலே ஆண்டுக்கு 80 ஆயிரம் தனிக்கணக்கில் ஒதுக்க வேண்டும். தரையின் அதிர்ச்சி தாங்கும் திறனையும் ஆண்டுதோறும் அளக்க வேண்டும், தரநிலைகளை வகுக்கும் ஏ.எஸ்.டி.எம். அமைப்பு 200 ஜி (மோதும்போது உண்டாகும் அதிர்ச்சியை ஈர்ப்பு முடுக்கத்தின் மடங்காகச் சொல்லும் அளவு) என்பதை எல்லையாக வைத்திருக்கிறது, அதைத் தாண்டிய தரையில் விழும் தலைக்குப் பாதுகாப்பில்லை. ஊழியர், மின்சாரம், சுத்தம், காப்பீடு ஆகியவற்றுக்கு நன்கொடையிலேயே ஒரு பகுதியை நிரந்தர வைப்பாக ஒதுக்கச் சொல்லிக் கேட்கலாம்: 50 இலட்சம் டாலர் வைப்பு 4 விழுக்காட்டில் ஆண்டுக்கு 2 இலட்சம் தரும். கட்டடத்துக்குக் கொடுக்கும் மனம் பராமரிப்புக்குக் கொடுக்க வராது என்பதால், இந்தக் கோரிக்கையை முதல் சந்திப்பிலேயே, பெயர்ப்பலகையைப் பற்றிய பேச்சோடு சேர்த்தே வைத்துவிட வேண்டும்.